முப்பத்தெட்டும் பச்சை

ஜூன் 17, செவ்வாய்

தொண்டை கட்டிவிட்டது. பள்ளி திறந்து பதினைந்து நாள்தான் ஆகிறது, அதற்குள். மற்ற ஊர் ஆசிரியைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை நெருங்கும்போது போகிற தொண்டை எனக்கு அங்கப்பன் குடோன் புண்ணியத்தில் ஜூனிலேயே போய்விடுகிறது. எங்கள் பள்ளிக்கும் அவருடைய தறிக் குடோனுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் பதினாறு விசைத்தறி, இந்தப் பக்கம் ஐந்து வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட், ஞாயிறும் உண்டு. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கென்று மின்சாரத்தை நிறுத்தும்போதுதான் இந்த ஊர் ஓயும்.

இன்று பள்ளிக்குத் தொடுதிரை டேப் வந்தது. பன்னிரண்டு. ஓர் அறக்கட்டளை இலவசமாகக் கொடுக்கிறது. சரவணம்பட்டி அலுவலகத்திலிருந்து ஆதர்ஷ் என்பவர் காரில் கொண்டுவந்தார். இறங்கியதுமே காதைப் பொத்திக்கொண்டு, இங்கே எப்படிப் பாடம் நடத்துகிறீர்கள் என்று கேட்டார். முகம் பார்த்து நடத்துகிறோம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. இந்த ஊரில் யாரும் யாரையும் பின்னால் நின்று கூப்பிடுவதில்லை. எதிரே வந்து நின்று, வாயை அகலத் திறந்து பேசுவார்கள். பாதியைக் காது கேட்கும், மீதியைக் கண் கேட்கும். நானும் பதினேழு வருஷத்தில் அப்படியாகிவிட்டேன். பீளமேட்டு வீட்டில் கணவரிடம் பேசினால், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தா சொல்கிறாய் என்கிறார்.

எங்கள் தலைமையாசிரியை மெஹராஜ் டேப்பை எண்ணி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். அவர் ஒன்று, இரண்டாம் வகுப்புகளைப் பார்க்கிறார். மற்ற மூன்றும் என் தலையில்.

ஜூன் 25, புதன்

டேப்பை எடுத்தால் வகுப்பே அடங்கிவிடுகிறது. பதினேழு வருஷம் கத்தி நான் அடக்காததை ஒரு சின்னப் பலகை அடக்குகிறது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

எதையும் முதலில் முடிப்பது மூன்றாம் வகுப்புக் கிருபாதான். படத்தைப் பார்த்தாள் என்றால் போதும், விரல் தானாகப் போகிறது. அவள் அப்பா ஆல்வின் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓட்டுகிறார். முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காத பிள்ளை. இப்படி நாலு பேர் இருந்தால் தொண்டை போனாலும் போகட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று காது விளையாட்டு. டேப்பில் அப்படி ஒன்று இருக்கிறது. ஹெட்போனை மாட்டினால் குருவி கத்தும், கடிகாரம் ஓடும், தண்ணீர் சொட்டும். சத்தம் ஒவ்வொரு தடவையும் சன்னமாகும். எது கேட்கிறதோ அந்தப் படத்தைத் தொட வேண்டும், மொத்தம் இருபது. நன்றாகக் கேட்டால் பச்சை வட்டம், இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்த பிள்ளைகளை அறக்கட்டளையே முகாமுக்கு அழைத்துப்போய் காது மருத்துவரிடம் காட்டுமாம். நல்ல விஷயம்தான்.

ஆனால் குடோன் சத்தம் ஹெட்போனுக்குள்ளும் வருகிறது. முப்பத்தெட்டில் முப்பத்தொன்று சிவப்பு. எனக்கே போட்டுப் பார்த்தேன். எனக்கும் சிவப்பு.

ஜூலை 9, புதன்

முடிவுகளை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். அடுத்த மின்தடை 17ஆம் தேதி. நடுவில் ஆறு நாள் இடிக்கிறது. ஆதர்ஷிடம் தவணை கேட்கலாம் என்றேன். மெஹராஜ் வேண்டாம் என்றார். போன வருஷம் ஏதோ ஒரு பள்ளி நேரத்துக்கு அனுப்பவில்லை என்று டேப்பை எடுத்துப்போய்விட்டார்களாம்.

“இதுகளுக்குக் காது கேக்காதா பொற்கொடி? ஐஸ் வண்டி தெருமுனையில மணியடிச்சா மொதல்ல ஓடறது இதுகதானே. வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே போட்டுட்டு வந்துருங்க.”

முப்பத்தொரு பிள்ளைக்கா காது கேட்காது? அவர் சொல்வதும் சரிதான். பொய்யான சிவப்பை மாற்றுவதில் என்ன பொய்?

ஜூலை 10, வியாழன்

நாலரை மணிக்கு வீடு வந்து, காபி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். இவர் ஈரோட்டில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். வீட்டில் யாரும் இல்லை. டிவியை அணைத்தேன், மின்விசிறியையும் அணைத்தேன்.

பச்சை வந்த ஏழு பேரையும் சேர்த்து முப்பத்தெட்டையும் முதலிலிருந்தே போட வேண்டியிருந்தது. முதல் பிள்ளையின் பெயரைத் தட்டும்போது விரல் தயங்கியது. ஐந்தாவது பிள்ளைக்குப் பழகிவிட்டது. பத்துக்கு மேல், இதையும் எழுதிவிடுகிறேன், எனக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு சன்னமான சத்தமெல்லாம் எனக்கு இன்னும் கேட்கிறதே என்று. பக்கத்து விமான நிலையத்தில் விமானம் இறங்கும் நேரத்தில் மட்டும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். முறையாகச் செய்கிறேனாம்.

எல்லாருக்கும் முழுதும் சரியாக வந்தால் சந்தேகம் வரும். அதனால் சிலருக்கு ஒன்றிரண்டைத் தப்பாகத் தொட்டேன், அடங்காத பிள்ளைகளாகப் பார்த்து. கிருபாவுக்கு இருபதுக்கு இருபது. அவளுக்குத் தப்பாகப் போட மனம் வரவில்லை.

ஏழு மணிக்கு முடிந்தது. முப்பத்தெட்டும் பச்சை.

ஜூலை 11, வெள்ளி

அனுப்பியாயிற்று. ஆதர்ஷ் கைதட்டுகிற பொம்மைப் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பியிருக்கிறார்.

ஜூலை 17, வியாழன்

மின்தடை. ஒன்பது மணிக்குத் தறி நின்றதும் ஊரே குரலைத் தாழ்த்திக்கொண்டது. இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கடைக்காரர், ஆயா, பிள்ளைகள் எல்லாருமே ஏதோ சாவு வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் மெல்லப் பேசுகிறார்கள். வேப்பமரத்தில் காக்கை கத்துவது கேட்டது. மூன்றாம் வகுப்புக்கு ஒரு கதையைச் சாதாரணக் குரலில் படித்தேன். என் குரலை நானே கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

காது விளையாட்டை இன்று ஒழுங்காகப் போட்டுப் பார்த்திருக்கலாம். நினைத்தேன். அனுப்பியதை மறுபடி எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

கிருபா வரவில்லை. காதுவலியாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஷிப்ட் முடிந்து ஆல்வின் வந்தார். புருவமெல்லாம் பஞ்சு. வாசல்படியிலேயே நின்றுகொண்டு, உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“ஏனுங்க டீச்சர், புள்ளைக்குக் காது கேக்குதுங்களா? பின்னால நின்னு கூப்புட்டா திரும்பவே மாட்டீங்குதுங்க.”

நான் சிரித்தேன். இந்த ஊரில் யார்தான் திரும்புகிறார்கள் என்று கேட்டேன். காதில் அவ்வப்போது சீழ் வருகிறது, அவர் மனைவி பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடுகிறார் என்றெல்லாம் சொன்னார். அவர் பயத்தைப் போக்குகிறேன் என்று பீரோவைத் திறக்கச் சொல்லி, டேப்பை எடுத்து, கிருபாவின் பக்கத்தைக் காட்டினேன். இருபதுக்கு இருபது. பச்சை வட்டம்.

ஆல்வின் விரலை லுங்கியில் துடைத்துவிட்டு அந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். “மிசினே சொல்லுதுன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்” என்றார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதைக் காட்டும்போது அது நான் போட்டது என்பதே எனக்கு நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை. பஸ் நீலாம்பூர் தாண்டும்போதுதான் நினைவு வந்தது. நாளை அவளுக்கு மட்டும் ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அதிகாரிகள் வந்தார்கள். நேரமில்லை.

ஆகஸ்ட் 23, சனி

பக்கத்துப் பள்ளியில் காது முகாம். வட்டாரத்தில் சிவப்பு வந்த பிள்ளைகளையெல்லாம் வேனில் கொண்டுவந்தார்கள். எங்கள் பள்ளியில் ஒருவரும் இல்லை என்பதால் நானும் மெஹராஜும் மேடை ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். தறி ஊரிலேயே இப்படி ஒரு பள்ளியா என்று ஒருவர் மைக்கில் வியந்தார். சான்றிதழ் கொடுத்தார்கள், நாங்கள் எழுந்து போய் வாங்கிக்கொண்டோம்.

இந்த மாத மின்தடையும் இன்றுதான், விடுமுறை நாளில்.

செப்டம்பர் 3, புதன்

கிருபாவின் கெண்டைக்காலில் சிவப்பாக ஒரு கோடு. பாவு நூலைக் கட்டுகிற கயிற்றால் அடித்ததுபோல் இருந்தது. மாலையில் அவள் அம்மா அழைத்துப்போக வந்தபோது, பிள்ளையை இப்படி அடிக்கலாமா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

“காது நல்லாருக்குதுன்னு நீங்கதான் மிசின்ல காட்டுனீங்களாமா. அப்புறம் பத்துத் தடவ கூப்புட்டும் வராட்டி அவருக்குக் கோவம் வராதுங்களா?”

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மின்தடை. காலாண்டுத் தேர்வுக்காகச் சொல்வதை எழுதும் பயிற்சி கொடுத்தேன். தறிச் சத்தம் இல்லை என்பதால் ஒரே இடத்தில் நின்று முகத்தைக் காட்ட வேண்டிய அவசியமில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, நடந்துகொண்டே, மெல்லத்தான் சொன்னேன். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போனேன். எல்லாத் தலைகளும் நோட்டில் குனிந்திருந்தன. ஒரு தலை மட்டும் திரும்பியது. கழுத்தை முறுக்கி, பெஞ்சில் முட்டி போட்டு, கிருபா என் வாயைத் தேடினாள். நான் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னால் அவள் பென்சில் நின்றது.

பிறகு கத்தினாள். “டீச்சர், திருப்பிச் சொல்லுங்க!” பதினாறு தறியும் ஓடினால் எந்தக் குரலில் கத்துவாளோ அதே குரல். ஊசி விழுந்தால் கேட்கிற அறை. பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். அவள் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்தாள்.

தறி நின்றது அவளுக்குத் தெரியவே இல்லை. ஊரில் எல்லாரும் குரலை இறக்கிக்கொண்ட நாளில் இந்தப் பிள்ளைக்கு எதுவும் மாறவில்லை. மூன்று மாதமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளே, கவனமான பிள்ளை, கவனமான பிள்ளை என்று நான் எல்லாரிடமும் பெருமையடித்தேனே. கவனமா அது? அவளுக்கு வேறு வழி என்ன இருந்தது?

மதியம் அவள் படம் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று கை தட்டினேன். எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவள் வானத்துக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

டேப்பை எடுத்தேன். ஹெட்போனை மாட்டி காது விளையாட்டைப் போட்டேன். இருபதில் மூன்று. அந்த மூன்றும் குருட்டாம்போக்கில் தொட்டது. நான் முகம் கோணுவதைப் பார்த்துவிட்டு, தப்புப் பண்ணிட்டேனுங்களா என்று அவள் கேட்டாள்.

இல்லை கண்ணு என்றேன்.

செப்டம்பர் 17, புதன்

மெஹராஜிடம் சொன்னேன். அவர் சாவியை முடிந்த முந்தானையை அவிழ்த்து, மறுபடி முடிந்தார். வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்காதவர்.

“வாயால சொல்லிக்கலாம் பொற்கொடி. எழுத்துல மட்டும் வேண்டாம்.”

அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய் போடச் சொன்னது அவர் வாய்தான், போட்டது என் விரல். அதில் பங்கு பிரித்து என்ன ஆகப்போகிறது.

செப்டம்பர் 18, வியாழன்

ஆதர்ஷிடம் போனில் பேசினேன். கிருபாவுக்கு மட்டும் மறுபடி சோதித்ததில் சிவப்பு வருகிறது, அடுத்த முகாமில் சேர்க்க முடியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். பட்டியல் 30ஆம் தேதி மூடுகிறதாம். ஒருமுறை முழுப் பச்சை வந்த பிள்ளையைச் சேர்க்க வேண்டுமானால் பழைய முடிவு எப்படி வந்தது என்று பள்ளி எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

“அன்னைக்கு அந்த டெஸ்ட் எடுத்தது யாருங்க மேம்?”

நான்தான் என்றேன். பாப்பாவுக்கு நீங்க எடுத்தீங்களா என்று கேட்டார். இல்லை, பாப்பாவுக்குப் பதிலாக நான் எடுத்தேன் என்றேன்.

“அப்ப மீதி முப்பத்தேழு பேரு?”

இதை நான் யோசிக்கவே இல்லை. இரண்டு நாளாகக் கிருபா, கிருபா என்றே இருந்தேன். மீதி முப்பத்தேழும் என் காதுதான்.

செப்டம்பர் 19, வெள்ளி

கடிதம் எழுதும் முன் ஆல்வினிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் வேறு யார் வாயிலாகவும் கேட்கக் கூடாது.

மதிய இடைவேளையில் குடோனுக்குப் போனேன். பதினேழு வருஷத்தில் முதல்முறை உள்ளே போகிறேன். இதற்கு முன்னால் பள்ளிப் பக்கம் கேட்பது ஒன்றுமே இல்லை. நெஞ்செலும்பு அதிர்ந்தது. ஆல்வின் நான்கு தறிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். எதிரே போய் நின்று சொன்னேன். காதைக் காட்டித் தலையை ஆட்டினார். கேட்கவில்லை. வாயை அகலத் திறந்து, நிறுத்தி நிறுத்தி, கத்தினேன்.

“அந்தக் காதுப் பரிசோதனை கிருபாவுக்குப் பண்ணலைங்க. நான் எனக்குப் பண்ணிக்கிட்டது. நான் காட்டுன பச்சை என்னோட காதுக்கு வந்தது. புள்ளைக்குக் கேக்கலைங்க.”

ஆல்வின் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மட்டுமல்ல. அந்தக் குடோனில் எல்லாருக்கும் உதட்டைப் பார்த்துப் படிக்கத் தெரியும். தறிக்காரர்களும் நூல் சுற்றுபவர்களுமாக எட்டுப் பேரும் படித்துவிட்டார்கள்.

அவர் தன் நான்கு தறிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். வெளியே வந்து தண்ணீர்க் குழாய் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

“நான் அந்தப் புள்ளைய அடிச்சுப்போட்டேனுங்க டீச்சர். மூணு தடவ. நல்லாக் கேட்டுக்கிட்டே வேணும்னு பண்ணுதுன்னு நெனச்சு அடிச்சுப்போட்டேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல் வாயில் எவ்வளவு சின்னதாக இருந்தது.

“நீங்க அடிக்கச் சொல்லலீங்களே. அடிச்சது நாந்தானுங்க.”

எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த நேரத்திலும் ஒரு ‘ங்க’ குறையவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 20, சனி

கடிதம் எழுதினேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டிலும் தறிச் சத்தத்தைப் பற்றியே அதிகம் இருந்தது. மூன்றாவதில் நான் செய்ததை மட்டும் எழுதினேன். எட்டு வரி.

மெஹராஜ் வீட்டுக்கே கொண்டுபோனேன். கோட்டைமேட்டுச் சந்துக்குள் வழி கேட்டுக் கேட்டுப் போக வேண்டியிருந்தது. படித்தார். டீ கொடுத்தார். மறுபடி படித்தார். பிறகு என் கையெழுத்துக்குக் கீழே, ‘இது எனக்குத் தெரிந்தே, என் சொல்லின்பேரில் நடந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையை வைத்து அழுத்தினார். முத்திரையைப் பள்ளியிலிருந்து நேற்றே எடுத்துவந்து வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 22, திங்கள்

முப்பத்தெட்டுப் பேருக்கும் மறுபடி சோதனை செய்ய வேண்டும். அடுத்த மின்தடை அக்டோபர் பாதியில், பட்டியல் அதற்குள் மூடிவிடும். வேறு வழி தெரியாமல் அங்கப்பனிடம் போய், இரண்டு மணி நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். முடியாது என்பார், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று பஸ்ஸிலேயே வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தேன்.

கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு மெயினை இறக்கச் சொன்னார். அவ்வளவுதான். காரணம்கூட முழுதாகக் கேட்கவில்லை.

“இத அன்னைக்கே வந்து கேட்டிருந்தாலும் நிறுத்தியிருப்பனுங்களே அம்மணி.”

அன்றைக்கே. ஜூலை எட்டாம் தேதி, நாற்பது தப்படி நடந்து வந்து கேட்டிருந்தால். மின்வாரியத்தின் தேதியைப் பார்த்தேன், அறக்கட்டளையின் தேதியைப் பார்த்தேன். பக்கத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. பதினேழு வருஷமாக அந்தச் சத்தத்தைத் திட்டினேனே தவிர, ஒரு நாளும் போய்க் கேட்டதில்லை.

ஆதர்ஷே வந்திருந்து எடுத்தார். நான் டேப்பைத் தொடவில்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியதோடு சரி. தறி நின்றதால் வெளியே வந்த ஆட்கள் சுவரோரம் நின்று பார்த்தார்கள். ஆல்வினும் நின்றார்.

மூன்று சிவப்பு. கிருபா, ஐந்தாம் வகுப்பு லாஸ்யா, ஒன்றாம் வகுப்பு ஆஸிம். லாஸ்யாவுக்கு ஜூலையில் நான் வேண்டுமென்றே இரண்டு தப்பாகத் தொட்டிருந்தேன், வாயாடி என்று.

அக்டோபர் 9, வியாழன்

முகாமில் கிருபாவைப் பார்த்தார்கள். ஆல்வினின் மனைவி என்னையும் உள்ளே கூப்பிட்டார். மருத்துவர் சொல்வது தனக்குப் புரியாது என்று. வலது காதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இடது காதில் சீழை நிறுத்திவிட்டு, கருவி வைத்தால் பேச்சு கேட்கும். லாஸ்யாவுக்கும் ஆஸிமுக்கும் அழுக்கும் சளியும்தான், மருந்திலேயே சரியாகிவிடும்.

எல்லாரும் வெளியே போனபின் நின்று கேட்டேன், ஜூலையிலேயே வந்திருந்தால் வலது காது பிழைத்திருக்குமா என்று. மருத்துவர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சொல்ல முடியாதுங்க என்றார். அந்தக் காது முன்பே போயிருக்கலாம், இந்த மூன்று மாதத்திலும் போயிருக்கலாம்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இது இரண்டும் இல்லை. இதை வைத்துக்கொண்டுதான் இனி இருக்க வேண்டும்.

நவம்பர் 5, புதன்

கருவி திங்களன்றே வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் வெண்டைக்காய்ப் பிஞ்சு அளவு. கிருபா அதை மாட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்குள் நுழைந்தாள், இரண்டு நிமிஷத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். தறி. முதன்முதலாகத் தறியை முழுதாகக் கேட்கிறாள். கழற்றிப் பென்சில் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள். மூன்று நாளாக இதேதான்.

இந்தச் சத்தத்துக்குள்ளா இவளை இழுத்துவந்தோம் என்று இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

ஆதர்ஷ் பேசி, மருத்துவமனையில் கருவியின் ஒலியைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கிருபாவைத் தறிப் பக்கத்து மேற்குச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். இன்று முதல் பீரியட் முழுதும் போட்டிருந்தாள்.

நவம்பர் 20, வியாழன்

பள்ளி நிர்வாகத்திலிருந்து கடிதம். எச்சரிக்கை, பணிப்பதிவேட்டில் ஏறுகிறது. மெஹராஜுக்கும் ஒன்று. அவர் அதைப் படித்து மடித்து, முகாமில் வாங்கிய சான்றிதழோடு சேர்த்து பீரோவில் வைத்தார். டேப்பை எடுத்துப்போகவில்லை. சோதனை போட மட்டும் இனி வெளியாள் வருவார். என் பெயரை நீக்கிவிட்டார்கள். சரிதான்.

டிசம்பர் 11, வியாழன்

கருவிக்குப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்ல ஆல்வின் வந்தார். மெஹராஜிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. எதிரே பார்த்தால் வணக்கம் வைக்கிறார். நிற்பதில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 22, வியாழன்

மின்தடை. ஒன்பது மணி என்று போட்டிருந்தார்கள், பத்து மணிக்குத்தான் நிறுத்தினார்கள்.

நான் கரும்பலகையில் பெருக்கல் எழுதிக்கொண்டிருந்தேன், வகுப்புக்கு முதுகைக் காட்டி. தறிகளெல்லாம் ஒரேயடியாக ஓய்ந்தன. சத்தம் நின்றதும் வழக்கம்போல் பிள்ளைகளின் சலசலப்பும் இறங்கியது.

“டீச்சர்.”

பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல். யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வகுப்பில் எல்லாக் குரலும் எனக்குத் தெரியும், இது தெரியவில்லை. திரும்பினேன்.

கிருபா எழுந்து நின்றிருந்தாள். இடது கை காதின்மேல் இருந்தது. கண் என் முகத்தில் இல்லை, மேற்குச் சுவரில் இருந்தது.

“தறி நின்னுபோச்சுங்க டீச்சர்.”

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் போய், என்ன சொன்னாய் கண்ணு, இன்னொரு தடவை சொல்லு என்றேன். சத்தம் போட்டுவிட்டோமோ என்று நினைத்தாளோ என்னவோ, முன்னைவிட மெல்லச் சொன்னாள். நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.